பதினொரு முறை நழுவிய முட்டி

டைல்ஸ் பதிக்கும் வேலையில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மேஸ்திரிக்கே மறந்துபோயிருந்தது. தரையின் சமம் பார்க்கும் அந்தக் கருவி எந்நேரமும் அவர் கையில் இருக்கும் என்பது ஒரு காரணம். கருவி சரி என்று சொன்ன பிறகும் அவர் ஒருமுறை தரையோடு கன்னத்தை வைத்துப் பார்ப்பார் என்பது இன்னொரு காரணம். மயிரிழை ஏறி நிற்கும் கல்லைக் கண்டால், கலவை பாதி இறுகியிருந்தாலும் பெயர்த்துவிடுவார். குளியலறை என்றால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எங்கும் தேங்காமல் துளையை நோக்கிப் போகிறதா என்று குந்தியிருந்து பார்த்த பிறகுதான் கையைக் கழுவுவார். இருபத்தாறு வருடமாக அப்படித்தான்.

அந்தக் கவனத்தினால்தான் முட்டி போனது. ஒரு மாடி வீட்டின் குளியலறையில், மூலைக் கல்லைத் தட்டிவிட்டு எழுந்தார். வலது கால் ஊன்றியிருந்தது. இடது காலை வைக்கப்போன இடத்தில் சற்று முன் பதித்த ஈரக் கல். அதை மிதிக்கக் கூடாதென்று உடம்பை முழுக்கத் திருப்பினார். ஊன்றிய பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். வாசலில் கலவை குழைத்துக்கொண்டிருந்த அவர் தம்பிக்கே கேட்டது. விழுந்து கிடந்தவர் முதலில் பார்த்தது காலை அல்ல, அந்தக் கல்லை. அது அசையவில்லை.

மாலைக்குள் முட்டி பூசணி போல வீங்கியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டரம்மா, முட்டிக்குள் எலும்புகளைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் ஜவ்வு ஒன்று அறுந்துவிட்டது என்றார். இரண்டு வழி சொன்னார். ஒன்று, தொடையிலிருந்து ஒரு நாரை எடுத்துப் புது ஜவ்வாகக் கட்டும் ஆபரேஷன். பழையபடி வேலைக்குத் திரும்ப ஒன்பது மாதம் ஆகும். இன்னொன்று, மூன்று மாதம் பயிற்சி. தொடைத் தசை பலமானால் அறுந்த ஜவ்வு இல்லாமலே சிலருக்கு முட்டி நிற்கும், சிலருக்கு நிற்காது.

"எது உங்களுக்குச் சரிப்படும்னு ஸ்கேன் சொல்லாது, உங்க முட்டிதான் சொல்லும்" என்றார். "ஒரு நோட்டு போடுங்க. என்னிக்கு முட்டி நழுவுது, என்ன பண்ணும்போது நழுவுதுன்னு எழுதுங்க. ஒவ்வொரு தடவை நழுவும்போதும் உள்ளே மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு அரையும். அதனால ஒண்ணுகூட விடாம எழுதணும்."

அவர் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தார். கத்திக்குப் பயந்து அல்ல. பயம் இருந்தது, ஆனால் அது பெரிதல்ல. பெரியது தம்பி.

தம்பிக்கு நாற்பது வயது. அவரோடு பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், இடது தோள் வலிக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னான். தேநீர் இடைவேளை. மேஸ்திரியும் ஏழெட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர் சொன்னது: "வேலைக்கு வராம இருக்க உனக்கு ஒரு தோள் கிடைச்சிருக்கு. எனக்குந்தான் ரெண்டு தோள் இருக்கு, ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அதற்குப் பிறகு தோளைப் பற்றி அவன் பேசவில்லை.

அப்படிச் சொன்ன வாயால், என் முட்டி நிற்கவில்லை, அறுத்துக் கட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது?

நோட்டு போட்டார். அடிக்கோல் வைத்துக் கட்டம் கட்டினார். நாள், நேரம், செய்த காரியம், எத்தனை முறை. மனைவி அதை எடுத்துப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதியிருந்தால் நீங்கள் மேஸ்திரிக்கே மேஸ்திரி ஆகியிருப்பீர்கள் என்றாள்.

ஒன்பதாம் நாள் முதல்முறை நழுவியது. மாடிப்படி இறங்கும்போது, சக்கரம் பள்ளத்தில் இறங்கினாற்போல முட்டி ஒருபக்கம் போய்த் திரும்பி வந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். விழவில்லை. விழாததை நழுவியதாக எழுதுவானேன் என்று சைபர் போட்டார். இரண்டாவது, அடுப்படியில் உப்பு டப்பாவுக்காகத் திரும்பியபோது. மேடையில் சாய்ந்து நின்றுவிட்டார். சாய்ந்து நின்றால் அது நழுவலா? சைபர். மூன்றாவதும் நான்காவதும் பேருந்துப் படியில். ஐந்தாவது முறை குளியலறையில் முழங்கை அடிபட விழுந்தார். சோப்புத் தண்ணீர் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நோட்டை எடுத்து அன்றைக்கும் சைபர் போட்டார். முந்தின சைபர்களைப் போலவே அதுவும் வட்டமாக, கட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தது.

மூன்று மாதம் முடிந்து மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது பத்து முறை ஆகியிருந்தது. டாக்டரம்மா காலை மடக்கி முன்னால் இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். நோட்டைப் புரட்டினார். ஒருமுறைகூடவா என்று கேட்டார்.

மனைவி முந்திக்கொண்டாள். "அவரு எழுதுனா எழுதுனதுதான் டாக்டர். நூல் பிசகாது."

அவர் தரையைப் பார்த்தார். மருத்துவமனைத் தரையில் மூன்றாவது வரிசை கோணலாக இருந்தது.

எடை தூக்காமல் சின்ன வேலைகள் செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது. வேலைக்குப் போன நாலாம் நாளே தூக்கினார். நாலடி நீளக் கல், இரண்டு பேர் பிடிக்க வேண்டியது. வேண்டாம்ணே, வேற ஆளைக் கூப்பிடுறேன் என்றான் தம்பி. நோட்டைப் பார்த்துட்டு டாக்டரே சரின்னுட்டாங்க என்றார் அவர். தம்பி முன்னால், அவர் பின்னால். கூடத்திலிருந்து அறைக்குள் திரும்பும் வாசலில் முட்டி பதினொன்றாவது முறையாக நழுவியது. ஒரு கை தானாகப் போய் நிலைக்கதவைப் பிடித்தது. அவர் பக்கத்துக் கல் ஒரு சாண் இறங்கி முன்னால் இடித்தது. மொத்த எடையும் தம்பி மேல் போனது. கல்லுக்கும் நிலைக்கும் நடுவில் அவன் இடது கை.

கல் உடைந்தது. இரண்டு விரல் எலும்பும் உடைந்தது.

அவர் விழாமல் நின்றுகொண்டிருந்தார். தம்பி முன்னால் பார்த்துப் போனவன், பின்னால் நடந்தது எதையும் பார்க்கவில்லை. வலியில் முகம் வெளுத்துப்போய், கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் சொன்னது இதுதான்: "என் தோள்தான்ணே. திடீர்னு விட்டுருச்சு. உன் காலுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல" என்றார்.

அந்த இரண்டு வார்த்தைகளோடு ஐந்து நாள் இருந்தார். அண்ணன் காலோடு கஷ்டப்படுகிறார், நீ ஒழுங்காகப் பிடிக்கக் கூடாதா என்று மேஸ்திரி தம்பியைக் கடிந்துகொண்டபோது பக்கத்தில்தான் இருந்தார். விரலுக்குக் கம்பி வைத்துக் கட்டிய அன்று, நல்லவேளை நீங்க கூட இருந்து உடனே கூட்டிட்டு வந்தீங்க மாமா என்று தம்பி மனைவி கண் கலங்கியபோதும் இருந்தார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. தம்பிமேல் இவ்வளவு பாசமா என்று மனைவி ஆச்சரியப்பட்டாள்.

ஐந்தாம் நாள் அவரைப் பார்க்க வந்த மேஸ்திரி, உன் தம்பி வேலையை விடுகிறானாம், தெரியுமா என்றார். தோளை நம்பி இனிமேல் கல் தூக்க முடியாது, இன்னொருத்தன் கையை உடைப்பதற்குள் போய்விடுகிறேன் என்கிறானாம். ஒரு கிடங்கில் வாசல் காவல் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டானாம். திங்கட்கிழமை சேர வேண்டும்.

தம்பியைப் போல மூலைக்கல் வெட்டுகிறவன் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. அதை அவர் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை.

மேஸ்திரி போனதும் கிளம்பினார். இரண்டு தெரு தள்ளித்தான் தம்பி வீடு. தம்பி கட்டிலில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடப் பார்த்துக்கொண்டிருந்தான். உட்காருண்ணே என்றான். அவர் நின்றபடியே சொன்னார்.

"உன் தோள் விடலடா. என் முட்டிதான் விட்டுச்சு."

தம்பி பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "அன்னிக்கு மட்டுமா?"

"அது பதினொன்னாவது."

"நோட்டுல?"

"நோட்டுல எல்லாம் சைபர்."

திட்டுவான் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவன் குரல் ஏறவே இல்லை.

"விரல் போனதுகூடப் பரவாயில்ல. அஞ்சு நாளா என் தோளை நானே திட்டிக்கிட்டு இருந்தேன். நீ கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த." பிறகு சொன்னான்: "என்கிட்ட சொன்னா போதாது. மேஸ்திரிகிட்ட சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

சொன்னார். மறுநாள் தேநீர் நேரத்தில், கைத்தடியை ஊன்றி நின்று, நோட்டில் எழுதாத பதினொன்றையும் சொன்னார். ரசமட்டமே சாஞ்சுபோச்சா என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எல்லாரும் டம்ளருக்குள் பார்த்துக் குடித்தார்கள். மேஸ்திரி மட்டும் தம்பிக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை எங்கேயும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு வைத்தார்.

டாக்டரம்மாவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது, மனைவி பக்கத்தில் இருந்தாள். டாக்டரம்மா சத்தம் போடவில்லை. மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. இனி இரண்டு வழி என்ற பேச்சு இல்லை. முதல் மாதமே தெரிந்திருந்தால் ஜவ்வோடு நின்றிருக்கும், இப்போது இதையும் தைக்க வேண்டும், ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்றார்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "எழுதினது நீங்க. சாட்சி சொன்னது நான்."

ஆபரேஷன் முடிந்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை பட்டைபோட்ட காலோடு படுத்திருந்த நாட்களில் அவளே குளிப்பாட்டினாள், அவளே கழிவறை நாற்காலியைக் கழுவினாள். முகம் சுளிக்கவில்லை. வழக்கமாகச் செய்யும் கேலியும் செய்யவில்லை. அவருக்கு அந்தக் கேலி வேண்டியிருந்தது. முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தி, பத்து எண்ணி விட வேண்டும். முதல் வாரம் தொடை அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. கால் யாருடையதோ போலக் கிடந்தது. முட்டியை மடக்காமல் காலைக் கட்டிலை விட்டு ஓர் அங்குலம் உயர்த்த பதினொரு நாள் பிடித்தது. உயர்ந்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, இதையும் எழுதிக்கோங்க, உள்ளது உள்ளபடி என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் கேலி அது.

பயிற்சி அறையில் தம்பியும் வருவான். அவன் ஒரு மூலையில் ஸ்பஞ்சுப் பந்தைப் பிசைந்துகொண்டிருப்பான், அவர் இன்னொரு மூலையில் காலை மடக்கிக்கொண்டிருப்பார். வணக்கம் போல ஒரு தலையசைப்பு. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன். அவ்வளவுதான். பயிற்சி தரும் பெண் கோணம் அளந்து தொண்ணூறு என்பாள். அவர், இல்லம்மா, எண்பத்தெட்டுதான் இருக்கும், நல்லாப் பாருங்க என்பார். வலி எத்தனை என்று கேட்டால், காலையில் நாலு, மத்தியானம் படியேறும்போது ஐந்தரை என்று விவரமாகச் சொல்வார். இப்படி ஒரு நோயாளியை நான் பார்த்ததே இல்லை, அரையெல்லாம் சொல்றாரு என்று அவள் சிரித்தாள். தம்பி பந்தைப் பிசைவதை நிறுத்தவில்லை.

ஐந்தாவது மாதம், கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கியிருந்தார். அந்தப் பெண்தான் கவனித்தாள். மேலே தொங்கும் கயிற்றைப் பிடிக்கச் சொன்னால், தம்பி இடது கையைத் தூக்காமல் உடம்பை வளைத்து வலது கையால் பிடிக்கிறான். விரல் ஆறிவிட்டது, இது விரல் இல்லை என்றாள். டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். தம்பி மனைவிக்கு அன்று வேலை. நான் வரட்டுமா என்று அவர் கேட்டார். வா என்றான் தம்பி, வேண்டாம் என்று சொல்லச் சோம்பல்பட்டவன் போல.

தோள் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். தோளைத் தூக்கும் தசைநார் கிழிந்திருக்கிறது, கல் விழுந்ததால் வந்தது அல்ல, பழையது என்றார். இரண்டு வருடமாவது இருக்கும். தசை சுருங்கிவிட்டது. அப்போதே வந்திருந்தால் பயிற்சியிலேயே சரியாகியிருக்கலாம். இப்போது தைத்தாலும் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

"இவ்வளவு நாள் ஏன் வரல நீங்க?"

"வேலை நெருக்கடி டாக்டர்" என்றான் தம்பி.

அந்தப் பதிலோடு எழுந்து போய்விடலாம். தம்பியே கதவைத் திறந்து விட்டிருந்தான்.

"வேலை இல்ல டாக்டர்" என்றார். "நான்தான். வலிக்குதுன்னு அன்னிக்கே சொன்னான். எல்லார் முன்னாலயும் கேலி பண்ணினேன். அப்புறம் அவன் யார்கிட்டயும் சொல்லல."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். தம்பி பக்கம் நாற்காலியைத் திருப்பி, வலி எப்போதெல்லாம் வரும், முதலிலிருந்து சொல்லுங்க என்றார்.

தம்பி அண்ணனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான். இடது பக்கம் படுக்க முடியாது. சட்டை மாட்டும்போது கை மேலே போகாது. கலவைச் சட்டியைத் தலைக்குமேல் கொடுக்கும்போது கண் இருட்டும், அதனால் எப்போதும் கீழே நிற்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வான். சின்ன மகள் தூக்கு என்று கையை நீட்டினால், அப்பாவுக்குக் கை அழுக்கு என்று சொல்லிவிடுவான். அவன் சொல்லிக்கொண்டே போனான். டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். ரசமட்டம் தலையைக் குனிந்து, ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.