தராசில் ஏறிய சிவப்புக் கார்

அசையாமல் உட்கார் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் தொடையில் எறும்பு ஊர ஆரம்பித்துவிடும். கோயிலில், பேருந்தில், டாக்டர் முன்னால், எங்கும் இதே கதைதான். ஏழு வயதில் அந்தச் சொல்லை இரண்டு நாள் ஓயாமல் கேட்டவள் நான். சொன்னவர் என் தாய்மாமா.

மலாயாவில் கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், வேலை எங்களுடையது, தோட்டம் வெள்ளைக்காரத் துரையுடையது. ஜப்பான்காரன் வருகிறான் என்று கேள்விப்பட்ட அன்றே துரை லாரியில் ஏறி ஓடிவிட்டார். அவர் விட்டுப்போனவற்றில் ஒரு நாயும், இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்புக் கார் ஒன்றும் இருந்தன. நாயை யாரும் சீண்டவில்லை. காரை, தோட்டத்துக்கு வந்த ஜப்பான் அதிகாரி எடுத்துக்கொண்டான். கூரையில்லாமல் தரையோடு தரையாகப் படுத்திருந்த அந்தக் காரில் சுங்கை பட்டாணி டவுனுக்குப் பறப்பான். ஒருநாள் வளைவில் பிரேக்கை அழுத்தியிருக்கிறான், கார் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கால்வாயில் இறங்கிவிட்டது.

மாமா தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரம் பார்ப்பவர். சயாமில் ரயில்பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து பத்துப் பேர் வேண்டும் என்று அந்த வாரம்தான் உத்தரவு வந்திருந்தது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி போட்ட பட்டியலில் மாமா பெயர் முதலில் இருந்தது. முன்னால் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததாகச் செய்தி இல்லை. சட்டையில் சேறு காய்வதற்குள் அதிகாரி ஆலைக்கு வந்து, தெரிந்த நாலு மலாய்ச் சொல்லில் "தீகா ஹாரி" என்றான். மூன்று நாள். அதற்குள் கார் நேராக ஓடினால் மாமா பெயரை அடித்துவிடுவதாகக் கிராணி விளக்கினார்.

மாமா காருக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, கிரீஸ் முகத்தோடு வெளியே வந்து அப்பாவிடம் சொன்னார்.

"மச்சான், இது தொர ஒடம்புக்குத் தச்ச சட்ட லா. அந்தாளு யான மாரி இருப்பாரு. அதுக்காக வலது பின்பக்க ஸ்பிரிங்குக்குத் தகடு குடுத்து ஒசத்தி வச்சிருக்கான். இவன் ஏறுனா அந்தப் பாரம் இல்ல. குட்டக்கால் நாற்காலி மாரி, மூலைக்கு மூலை சாயுது."

"தகட்டக் கழட்டிட வேண்டியதுதானே?"

"எத்தன கழட்டுறது? ரெண்டா, நாலா? நாலு சக்கரத்துலயும் எவ்ளோ பாரம் நிக்குதுன்னு தெரியணும். அதுவும் அவன் உக்காந்திருக்கும்போது."

ரப்பர் கட்டுகளை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று, வட்ட முகமும் முள்ளுமாக, ஆலையில் சும்மா கிடந்தது. ஒரு சக்கரத்தை அதில் ஏற்றி, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி நிறுப்பது என்று மாமா முடிவுசெய்தார். ஆனால் ரப்பர் நிறுக்கும் தராசுப் பக்கம் வந்து உட்காருங்கள் என்று அதிகாரியிடம் யார் போய்ச் சொல்வது? கிராணிக்கே அந்தத் தைரியம் இல்லை.

மறுநாள் காலை அதிகாரி வேலையைப் பார்க்க வந்தான். ஜப்பான்காரன் வந்தால் இடுப்பு வளையக் கும்பிட வேண்டும், இல்லாவிட்டால் அறை விழும். அது எனக்கே தெரியும். மாமா தராசுக்கு அந்தப் பக்கம் போய், கும்பிடாமல் விறைத்து நின்றார். அவன் விறுவிறுவென்று தராசின் மேலேயே ஏறி நின்று பளாரென்று அறைந்தான். மாமா கன்னத்தைத் தடவிக்கொண்டே முள்ளைப் பார்த்தார். நூற்றுமுப்பது ராத்தல்.

அதிகாரியும் அப்பாவும் ஒரே உயரம். அவனுக்குப் பதில் அப்பாவைக் காரில் உட்காரவைத்தால் போதும் என்று மாமா நினைத்திருந்தார். முள் தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை. அப்போதெல்லாம் எங்களுக்கு மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான், அதுவும் கிடைத்தால். மாமா என்னைத் தூக்கித் தராசில் வைத்தார். முப்பத்தைந்து. அப்பாவும் நானும் சேர்ந்தால் சரியாக ஒரு ஜப்பான்காரன்! இதை லயத்து வீடுகள் முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன், ஏதோ பரிசு வாங்கியதுபோல. கேட்டவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று கோபம்கூட வந்தது.

பிறகுதான் அந்த உட்காரல். அப்பா காரில், அப்பா மடியில் நான். மூக்கைச் சொறிந்தால் முள் ஆடும். காலை மாற்றினால் ஆடும். மாமா முதலில் அதட்டினார், அப்புறம் கத்தினார், கடைசியில் கெஞ்சினார். "அசையாத தாயி, மாமா பொழப்பு இதுலதான் இருக்கு." அப்பா ஒரு கையால் என் வயிற்றை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, என் காதுக்குள் மட்டும் கேட்கிறமாதிரி "பாம்... பாம்" என்றார். விடியுமுன் பால்மரம் சீவப் போகிற அப்பாவின் மடியில் அவ்வளவு நேரம் நான் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. மாமா தகட்டைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். மூன்றாம் நாள் மத்தியானம் குறுக்காக எதிரெதிர் மூலைகளைக் கூட்டினால் இரண்டு ஜோடிக்கும் பாரம் ஒத்துவந்தது.

அதே வளைவில் அதிகாரி பிரேக் பிடித்துப் பார்த்தான். கார் நூல் பிடித்ததுபோல நின்றது. அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தன் பேனாவாலேயே மாமா பெயரை அடித்தான். அம்மா தன் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆனால் பத்துப் பேர் கேட்ட இடத்துக்கு ஒன்பது பேரை அனுப்ப முடியாதாம். காலியான இடத்தில் கிராணி அப்பா பெயரை எழுதிவிட்டார். மாமா ஓடிப்போய், தன் பெயரையே திரும்ப எழுதச் சொல்லி அவர் காலைப் பிடித்தார். காரைப் பார்க்க ஆள் வேண்டும், நீ போகக்கூடாது என்று பதில் வந்தது. "மூணே மாசம் லா, வந்துருவேன்" என்று அப்பா என் தலையில் தட்டிவிட்டு லாரியில் ஏறினார். லாரிக்குப் பின்னாலேயே சிவப்புக் கார், இம்மி ஆடாமல் போனது. அப்பா திரும்பி வரவேயில்லை.

லாரி மறைந்த பிறகு மாமா சாலையோரத்தில் உட்கார்ந்து, முகத்தில் அறைந்துகொண்டு அழுதார். இவருக்கு யாரும் சரியாக விவரம் சொல்லவில்லைபோல என்று எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன்.

"மாமா, ஒங்க பேரத்தான் அடிச்சாச்சுல்ல? அப்புறம் ஏன் அழுவுறீங்க?"

அவர் இன்னும் சத்தமாக அழுதார். நல்ல செய்தியைச் சொன்னாலும் இந்தப் பெரியவர்களுக்குப் புரிவதில்லை என்று அலுத்துக்கொண்டு நான் விளையாட ஓடிவிட்டேன்.