தூன்யா தின்ற தயிர்

வ்ரான்யே ஊரில் செருப்புக்கு மேல்தோல் தைக்கும் ரூஷாவுக்கு யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாது. தங்கமான குணம் என்று ஊரே மெச்சியது. மெச்சி என்ன, அந்தக் குணம்தான் அவள் குடியைக் கெடுத்தது.

தனி ஆளாக அவள் வளர்த்துவந்த மகள் தூன்யாவுக்கு ஆறு வயது, ஆட்டிசம். வெள்ளைத் தயிரும் ஓரம் நறுக்கிய ரொட்டியும் தவிர எதையும் தொடமாட்டாள். கிண்ணம் மாறினால்கூட அன்றைக்குப் பட்டினிதான். மூன்று வயதுப் பிள்ளையின் எடைதான் இருந்தாள். இன்னும் இளைத்தால் மூக்கு வழியாகக் குழாய் விடவேண்டும் என்றார் டாக்டர். பலவந்தமாக மட்டும் ஊட்டாதே, தின்கிற இரண்டையும் விட்டுவிடுவாள் என்றும் எச்சரித்திருந்தார். ரூஷா பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நடந்துவந்தாள்.

ஜனவரியில் புனித யோவான் நாள் வந்தது. அவர் அந்தக் குடும்பத்தின் காவல் புனிதர். அன்று வீட்டுக்கு வருகிறவர்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, வேகவைத்துச் சர்க்கரை சேர்த்து அரைத்த கோதுமையில் ஒரு கரண்டி வாயில் போட்டாக வேண்டும். மறுத்தால் வீட்டையே அவமதித்த மாதிரி. ஞானஸ்நானத்தில் தூன்யாவைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் ராதோவானும் வந்திருந்தார். அந்த ஊரில் புருஷன் சொல்லைத் தட்டினாலும் தட்டலாம், ஞானத்தகப்பன் சொல்லைத் தட்ட முடியாது.

கெட்ட மனிதர் அல்ல. பிள்ளையின் கழுத்தெலும்பைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கரண்டியை எடுத்தார்.

"செல்லம் குடுத்தே கெடுத்து வச்சிருக்கம்மா. ஒரு வாய் உள்ள போனா ருசி தெரிஞ்சிடும். தலையப் பிடி."

"அவளுக்கு ஒத்துக்காதுண்ணே."

"புனிதரோட கோதும. இதுவா ஒத்துக்காது?"

அறை நிறைய விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூஷா தலையைப் பிடித்தாள்.

தூன்யா கத்தவில்லை. மூச்சடைத்து, முகம் நீலம் பாரித்து, கோதுமையோடு காலையில் தின்ற தயிரையும் சேர்த்துக் கக்கினாள். ராதோவான் கரண்டியைக் கீழே வைத்தார்.

மறுநாள் ரூஷா தயிர்க் கிண்ணத்தோடு வந்தபோது, பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டது. உதடு பிரியவில்லை. அடுத்த நாளும் அப்படியே. வாரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டார்கள். குழாய் உள்ளே போகும்போது அவள் காலைப் பிடித்துக்கொண்டவளும் ரூஷாதான். வேறு யார் இருக்கிறார்கள்?

வசந்தம் பிறந்த பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில், நர்ஸ் ஒருத்தி தயிரை உதட்டருகே கொண்டுபோய்ப் பொறுமையாகக் காத்திருந்தாள். தூன்யா வாயைத் திறக்கப் போனாள். அப்போது அம்மாவைப் பார்த்துவிட்டாள். கைகள் தலைக்குப் போயின.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்றாள் நர்ஸ். "கொஞ்சம் வெளிய நில்லுங்க. உங்களப் பாத்தாத்தான் வாய மூடிக்குது."

ரூஷா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் கேட்டது. பிள்ளை தின்றுகொண்டிருந்தது.