அவள் சுலபமாகத் தோற்றாள்

ஹட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்ததும் நான் செய்த முதல் வெப்சைட், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முன்னோடிப் பரீட்சைக்கான பெறுபேற்றுத் தளம். பாடசாலையைத் தெரிவு செய்தால் அந்தப் பிள்ளைகளின் புள்ளிகள் எல்லாம் வரும். முழுவதையும் பிஎச்பி என்ற கணினி மொழியில் தனியாக எழுதினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தத் தளத்தை என் கையெழுத்துப் போலவே நினைத்திருந்தேன்.

போன தவணை பெறுபேறு வெளியான மாலையே அது உறைந்து நின்றது.

அப்போதுதான் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருந்தாள் அவள். யாழ்ப்பாணத்து ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, கொழும்பில் பட்டம். அவளுடைய லெப்டொப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவள் ஆங்கிலத்தில் போன் பேசும்போது என் வேலை தானாக நின்றுவிடும்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா," என்றாள். "பிஎச்பி மாதிரி ஸ்கிரிப்ட் மொழி இவ்வளவு சனத்தைத் தாங்காது. ஜாவாவில திருப்பி எழுதுவம்."

நானா என்னைப் பார்த்தார். "என்ன புள்ள, எழுதக் குடுத்துருவமா?"

"அடுத்த பெறுபேறு வரைக்கும் பொறுங்க நானா," என்றேன். அதற்குள் சரிவராவிட்டால் தளம் அவள் கைக்குப் போய்விடும்.

பரீட்சை எழுதிய பிள்ளைகளை அவள் எண்ணி, வீட்டுக்கு ஓர் ஆள் பார்ப்பதாகக் கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்குக்குத் தளம் நின்றிருக்கவே கூடாது. அதனால்தான் மொழியின் மீது பழி போட்டாள். தளம் ஏன் நின்றது என்று நானும் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமை கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டுக்குப் போனபோது அம்மா சண்டைக்கு வந்தார்.

"என்னடி தளம் செஞ்ச? நம்ம லயத்துப் புள்ளைங்களுக்கெல்லாம் பாத்தாச்சு. டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போற மேல் லயத்துக் கங்காணி வீட்டுப் புள்ளைக்கு மட்டும் கடைசி வரைக்கும் வரல!"

"நம்ம வீட்டுல யாரும்மா சோதனை எழுதுனா?"

"எழுதுனாத்தான் பாக்கணுமா? பக்கத்து வீட்டு அக்கா தட்டித் தந்தா. அவளுக்குந்தான் புள்ள இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் லயங்களில் தன் பிள்ளையின் புள்ளியோடு யாரும் நிற்பதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை குறைவு என்று பார்த்தால்தான் சோறு இறங்கும். அந்தப் பொறாமை எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஒரே வீட்டிலிருந்து இத்தனை தடவை பார்ப்பார்கள் என்பது அந்த ஆசிரியர் வீட்டுப் பிள்ளையின் கணக்கில் வரவில்லை.

ஒவ்வொரு பார்வைக்கும் என் தளம் புள்ளிகளைச் சேமித்து வைத்த டேட்டாபேஸிடம் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜாவாவில் எழுதியிருந்தாலும் அது மூச்சுத் திணறியிருக்கும். வெளியான பின் புள்ளிகள் மாறப்போவதில்லை. ஆகவே பாடசாலைக்கு ஒரு பக்கம் என முன்கூட்டியே தயாரித்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே கொடுக்கும்படி மாற்றினேன். மொழி அதே பிஎச்பிதான்.

அடுத்த பெறுபேறு வந்த மாலை மூவரும் திரையைப் பார்த்தபடி இருந்தோம். கூட்டம் போன தடவையை விட அதிகம். தளம் அசையவில்லை.

"அப்ப ஜாவா வாணாமா?" என்றார் நானா.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நான் சொன்னது பிழை நானா. அக்கா செய்ததுதான் சரி." சொல்லிவிட்டு டீ ஊற்றப் போனாள்.

வென்றது நான். ஆனாலும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றிருந்தால் எனக்கு அப்படிச் சிரிக்க வந்திருக்காது. அந்தச் சிரிப்பின் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.