சால்மன் டப்பாவும் நாலு ஊக்கும்

மீனை டப்பாவில் அடைக்கிற வேலைக்கு ஒரே ஒரு விதிதான்: மீனையும் உப்பையும் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. இதைச் சொல்லும்போதே எனக்குப் பயம் வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எதையாவது முன்பின்னாகச் சொல்லி, நீங்கள் இனிமேல் டப்பா மீனே வாங்காமல் போய்விட்டால் அந்தப் பாவமும் என் தலையில்தான். டேகேரிலும் கேட்டரிங்கிலும் மளிகைக்கடை கவுண்டரிலும் நின்று நின்று கால் வீங்கிய அக்கா தங்கைகள் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எந்த குரூஸ்?

ஹேவர்டில் எங்கள் வீட்டுக்குக் கீழ்வீடு எஸ்தருடையது. பிலிப்பைன்ஸ்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இருபது வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அலாஸ்காவுக்கு மீன் அடைக்கப் போகிறவள். 2004இல் நான் சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்த ரெஸ்டாரண்டை மூடிவிட்டார்கள். போன இடத்திலெல்லாம் இங்கிலீஷ் வருமா, சர்டிபிகேட் இருக்கா, கார் ஓட்டுவியா என்று கேட்டார்கள். மூன்றுக்கும் என்னிடம் ஒரே பதில். எஸ்தர்தான் ஃபேக்டரி ஃபோர்மேனுக்கு போன் போட்டு, "இவளுக்கு நான் பொறுப்பு" என்றாள். நான் ஒரு தப்பு செய்தால் என் வேலை மட்டுமா போகும்? அவளுடைய இருபது வருஷப் பேரும் சேர்ந்தல்லவா போகும்?

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஃப்ரீமான்ட் கோயிலில் சாப்ட்வேர் வீட்டுப் பெண் ஒருத்தி விசாரித்தாள். இரண்டு மாசம் அலாஸ்கா போகிறேன் என்றேன். எட்டுப் பேர் படுக்கிற அறையில் எனக்கு மேல் பெர்த் என்று எஸ்தர் சொல்லியிருந்ததை நினைத்து நான் கவலையோடு நிற்க, அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வாவ்! எந்த குரூஸ் ஆன்ட்டி? பால்கனி ரூம் புக் பண்ணீங்களா?"

கழுத்தில் என்ன?

ஃபோர்மேன் பெயர் டேவ். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவார். முதல் நாள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து மோதிரம், தோடு, வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். எல்லாம் கழற்றினேன். பிறகு அவர் விரல் என் கழுத்தைக் காட்டியது. நான் இரண்டு கையாலும் தாலிக்கொடியைப் பொத்திக்கொண்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. பத்து நிமிஷம் தருகிறேன், முடிவு பண்ணு என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

காலிங் கார்டை எடுத்துக்கொண்டு போன் பெட்டிக்கு ஓடினேன். இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் இவர் ஏதோ மென்றுகொண்டிருந்தார். விழுங்கி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கழட்டி வை செல்வி, எனக்கு ஒன்னும் ஆவாது. நீ ஃப்ரீசர்ல வச்சிட்டுப் போன கொழம்பையே தின்னுட்டு உசுரோடதானே இருக்கேன்."

வழியை விடு

ஆக, தாலியைக் கழற்றி லாக்கரில் வைத்தேன். ஆனால் அதில் மாட்டியிருந்த நாலு ஊக்கை விட்டுப் பிரிய மட்டும் மனசு வரவில்லை. பெண்கள் நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒன்று அறும், ஒன்று நழுவும். யாரும் கேட்பதற்கு முன்னால் நம் கை கழுத்துக்குப் போய்விடும். முப்பது வருஷப் பழக்கம். நாலையும் சுடிதார் கழுத்துக்கு உட்புறம் வரிசையாகக் குத்திக்கொண்டேன். மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே ரப்பர் கோட்டு. யாருக்குத் தெரியப்போகிறது? தங்கம்தானே நகை, ஊக்கு எப்படி நகையாகும் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

என் பயமெல்லாம் அப்போது கரடி மேல் இருந்தது. தங்குமிடத்திலிருந்து ஃபேக்டரிக்கு ஐந்து நிமிஷ நடை, ஒரு பக்கம் காடு. சத்தம் போட்டுக்கொண்டே நடந்தால் கரடி ஒதுங்கிப் போய்விடுமாம். எனக்குப் பாட்டு வராது. அதனால், "வர்றேன், வர்றேன், வழியை விடு, ஓரமாப் போ" என்று தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் கத்துவதுபோலக் கத்திக்கொண்டே நடந்தேன். ஒரு வாரத்தில் பின்னால் வருகிற மெக்சிகோப் பெண்களும் அர்த்தம் தெரியாமலே, "வளியே விது" என்று கூடவே கத்த ஆரம்பித்தார்கள். காலேஜில் படிக்கிற என் மகளிடம் போனில் இதைச் சொன்னேன். சிரிக்கக்கூட இல்லை. "அம்மா, ரிலாக்ஸ். த பேர்ஸ் ஆர் ஸ்கேர்ட் ஆஃப் யூ" என்றாள்.

யாருக்கு அடிபட்டது?

நறுக்கிய மீனோடு திறந்த டப்பாக்கள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். எடை குறைந்ததை மெஷின் ஒதுக்கித் தள்ளும். அதில் இன்னொரு துண்டு வைத்துச் சரிசெய்து திரும்ப அனுப்புவதுதான் எனக்கும் எஸ்தருக்கும் வேலை. மூடியானதும் டப்பாக்கள் பஸ் நீளக் குக்கருக்குள் போகும். நம் வீட்டுக் குக்கருக்கு மூன்று விசில், அதற்கு ஒன்றரை மணி நேரம். இவ்வளவு செய்கிறவர்கள் மீன் தலையை மட்டும் அப்படியே கழித்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் தேங்காய் அளவுத் தலை! எனக்கு மனசு ஆறவில்லை. எஸ்தருக்கும் ஆறவில்லை.

டேவிடம் கேட்டு நாலு தலை வாங்கினோம். ஹேவர்டிலிருந்து கொண்டுபோன புளியையும் மிளகாய்த்தூளையும் போட்டு, தங்குமிடத்துச் சமையலறையில் குழம்பு வைத்தேன். ஜன்னலைத் திறந்தால் கரடிக்கு வாசனை போய்விடும் என்று எல்லாவற்றையும் சாத்தியிருந்தேன். தாளித்ததுதான் தாமதம், இரண்டு மாடியிலும் இருமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆளாளுக்கு வெளியே ஓடினார்கள். டேவ் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். விஷயம் தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். மூக்கைத் துடைத்தபடி அவர் சொன்னது: "செல்வி, அடுத்த தடவை இதை வைக்கறதுக்கு முன்னாடி அபாயச் சங்கு ஊதிடு."

மூன்றுதான் இருந்தது

மூன்றாவது வாரம். மீன் வரத்து உச்சத்தில் இருந்த நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோட்டைக் கழற்றியபோது கை தானாகக் கழுத்துக்குள் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பவும் தடவினேன். மூன்றேதான்.

காலையில் நாலும் இருந்தது நிச்சயம். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தேடினேன், பூட்ஸைக் கவிழ்த்தேன், கையுறையை உதறினேன். காலையிலிருந்து என் கைபட்டுப் போன டப்பாக்கள் எத்தனை! அதில் ஒன்றுக்குள் போயிருந்தால்? எங்கோ யாரோ ஒரு அம்மா டப்பாவைத் திறந்து பிள்ளைக்கு ஊட்டுவாள். வாயைத் திறந்தால் வேலை போகும், பொறுப்பேற்ற எஸ்தரையும் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். திறக்காவிட்டால் அந்தப் பிள்ளை.

எங்கள் ஃபேக்டரியில் ஆறிய டப்பாவின் மூடியைச் சின்னக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறதா என்று சொல்கிற பெரியவர் ஒருவர் உண்டு. டேவிடம் போகத் தைரியம் இல்லாமல் அவரிடம் போனேன். டப்பாவுக்குள்ளே ஒரு ஊக்கு இருந்தால் தட்டும்போது தெரியுமா, சும்மா கேட்கிறேன் என்றேன். தட்டிக்கொண்டிருந்த கம்பி நின்றது. என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "எத்தனை ஊக்கு?"

எல்லோரும் தரையில்

அவரே கூட வந்தார். நான் டேவிடம் என் ஓட்டை இங்கிலீஷில், "பின், ஃபோர். நௌ த்ரீ. ஐ டூ மிஸ்டேக்" என்றேன். டேவின் முகம் சுண்டிவிட்டது. கையை உயர்த்தினார். பெல்ட் நின்றது. அத்தனை நாள் காதை அடைத்த சத்தம் நின்றதும் என் நெஞ்சு அடிப்பதே எனக்குக் கேட்டது. காலையிலிருந்து மூடிய டப்பா மொத்தத்தையும் சிவப்பு நாடா கட்டி ஒதுக்கினார்கள். காந்தம் வைத்துத் தேடலாமே என்று ஒருத்தி சொன்னாள். டப்பாவே தகரம், எதைப் பிடிக்கும் காந்தம்? கிடைக்காவிட்டால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அத்தனையையும் கொட்ட வேண்டியதுதான்.

எல்லோரும் தரையில் குனிந்து தேடினார்கள். சாக்கடைச் சல்லடைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். எஸ்தர் முழங்காலிட்டு, மேஜைக் கால்களுக்கு இடையில் மீன் துணுக்கைக் கையால் அளைந்து தேடினாள். எல்லோரையும்விட அதிகம் தேடினது அவள்தான். ஒரு மணி நேரம் போயிற்று. டேவ் டப்பா திறக்கிற ஆட்களைக் கூப்பிடச் சொன்னார். எஸ்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ரப்பர் ஏப்ரனைத் தலைவழியாகக் கழற்றினாள். கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். தோள்பட்டை வாரின் பின்பக்கம், அறுந்த இரண்டு முனையையும் சேர்த்து, பளபளவென்று என் ஊக்கு.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. காலை காபி இடைவேளையில் அவள் ஏப்ரன் வார் அறுந்தது. பேரன் ஸ்கூல் கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டே குத்திவிட்டிருக்கிறேன். நான் கொடுத்ததும் எனக்குத் தெரியாது, அவள் வாங்கியதும் அவளுக்குத் தெரியாது. எஸ்தர் நினைத்திருந்தால் அதைக் கைக்குள் மறைத்துத் தரையில் போட்டிருக்கலாம். நேராக டேவிடம் நடந்துபோய் ஏப்ரனோடு நீட்டினாள். அவர் என் மூன்றையும் வாங்கி, அதோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்: "நாலும் வந்தாச்சு. கையைக் கழுவுங்க, மீன் காத்திட்டிருக்கு."

தண்டனை

வேலை போகவில்லை. வந்து சொன்னாயே, அதனால்தான் நீ இங்கே நிற்கிறாய் என்று டேவ் என்னிடம் தனியாகச் சொன்னார். ஆனால் தண்டனை உண்டு. எங்கள் இரண்டு பேரையும் ஒரு வாரம் மீன் பக்கமே வரக் கூடாது என்று அட்டைப்பெட்டி மடிக்கிற அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே தண்ணீர் இல்லை, நாற்றம் இல்லை, ஹீட்டர் இருந்தது, உட்கார நாற்காலிகூட இருந்தது. இரண்டு நாள் எஸ்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டி மடித்தாள். மூன்றாம் நாள் பூட்ஸைக் கழற்றி, காலை ஹீட்டர் பக்கம் நீட்டிக்கொண்டு சொன்னாள்: "அடுத்த வருஷம் எட்டு ஊக்கு கொண்டு வா செல்வி, ரெண்டு வாரம் உட்காரலாம்."

அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த வருஷமும். ஆனால் என் கையை நான் நம்புவதாக இல்லை. ஓக்லண்ட் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்முன் வீட்டிலேயே தாலிக்கொடியைக் கழற்றினேன். நாலு ஊக்கும் அதிலேயே இருக்க, இவரைக் குனியச் சொல்லி இவர் கழுத்திலேயே போட்டுவிட்டேன். யாருக்கு ஒன்றும் ஆகக் கூடாதோ அவரிடமே இருக்கட்டும். அன்றிலிருந்து இன்றுவரை என்னால் அலாஸ்காவில் ஒரு டப்பாகூடத் தனியாக ஒதுக்கப்படவில்லை. ஹேவர்டில் ஒரு மனுஷர் மட்டும் கோடை முழுக்க, எவ்வளவு வேர்த்தாலும், சட்டையின் மேல் பட்டனைக் கழற்றாமல் வேலைக்குப் போய்வருகிறார்.