ஸ்லோவில் நிற்கிற வண்டி

என் அக்கா புருஷன் பழைய கார்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். அவர் பட்டறையை ஒட்டி என் உதிரிபாகக் கடை. நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அங்கே ஸ்பேனர் கீழே விழுந்தால் இங்கே நான் திரும்பிப் பார்ப்பேன். ஆகவே அவரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

மாமாவின் கைவேலை சுத்தம். போல்ட்டைக் கழற்றினால் கழற்றிய வரிசையிலேயே பழைய துணியில் பரப்பி வைப்பார். ஆனால் ஒரு விஷயம், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இந்தக் கார் மெக்கானிக் கார் ஓட்டமாட்டார். வண்டியின் சொந்தக்காரரே கொண்டுவந்து விட வேண்டும், அவரே எடுத்துப் போக வேண்டும். ஓடும்போது என்ன சத்தம் வருகிறது, எந்த கியரில் இழுக்கிறது என்றெல்லாம் கேட்டுக் கேட்டு, கேள்வியிலேயே பாதி வைத்தியத்தை முடித்துவிடுவார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இப்படி இல்லை. அன்று ஒரு வாடிக்கையாளரின் காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியவர், சாப்பாடு கொண்டுவந்த அக்காவையும் வீட்டில் விட்டுவிடலாம் என்று ஏற்றிக்கொண்டார். நாற்சந்தியில் வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் அணைந்துவிட்டது. பக்கவாட்டில் வந்த லாரி, அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் மோதியது. அக்கா பிழைத்தாள். இடது முழங்கால்தான் அதன்பிறகு சரியாக மடங்கவில்லை. மாமா ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா?

போன மாதம் ஒரு ஓவிய டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றவர். வேலை கிடைத்த புதிதில் வாங்கிய கார், என்னைவிட வயதில் மூத்தது. "ஸ்லோவுல நிக்குது" என்றார். மாமா எஞ்சினைப் போட்டுக் கேட்டார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "ஆமா டீச்சர், ஸ்லோவுல நல்லாவே நிக்குது" என்றார். டீச்சர் முகம் சுருங்கிப் போயிற்று. மாமா பிளக்குகளைத் துடைத்துப் போட்டு அனுப்பினார். இரண்டு நாளில் வண்டி திரும்பி வந்தது. மறுபடியும் அதே பேச்சு. அவர் நிற்கிறது என்கிறார், இவரும் நிற்கிறது என்கிறார். அப்புறம் எதற்குச் சண்டை என்று தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் 'ஸ்லோவில் நிற்கிறது' என்றால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் அணையாமல் நிதானமாக ஓடுகிறது என்று அர்த்தம். டீச்சருக்கு அதெல்லாம் தெரியுமா? வேகத்தைக் குறைத்தால் வண்டி நின்றுபோகிறது என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்காதான் குறுக்கே புகுந்து, "ஓட்டும்போது நிக்குதா, சும்மா இருக்கும்போதா?" என்று கேட்டு முடிச்சை அவிழ்த்தாள். ஓட்டும்போதுதான், பிரேக்கில் கால் வைத்தால் பொட்டென்று அணைந்துவிடுகிறது, நேற்றுப் பெரிய சாலையில் நடுவழியில் நின்றுவிட்டேன், பின்னால் லாரி, என்று டீச்சர் சொன்னார். மாமா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

சரியாகும்வரை இதைத் தொடமாட்டேன் என்று சாவியை மேஜையில் வைத்துவிட்டு டீச்சர் நடந்தே போனார்.

நிற்கிற வண்டியில் அந்தக் கோளாறு தெரியாது. யாராவது ஓட்டி, பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் வரும். மாமா மூன்று நாள் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிளக் மாற்றினார், பாயிண்ட் மாற்றினார், குழாய்களை மாற்றினார். எல்லாம் என் கடைச் சாமான்தான். எனக்கு நல்ல வியாபாரம், ஆனாலும் பார்க்கச் சகிக்கவில்லை. நாலாம் நாள் வாய் சும்மா இருக்காமல், இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு பட்டறை எதற்கு, பூட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

கேட்டுக்கொண்டிருந்த அக்கா காலை இழுத்துக்கொண்டு போய், டீச்சர் காரின் முன்கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்தாள்.

"நீ இறங்கு. உன்னை வெச்சுக்கிட்டு நான் ஓட்டமாட்டேன்."

"நான் இல்லாமலும் நீங்க ஓட்டமாட்டீங்க. ஏழு வருஷமா பார்த்துட்டேன். வாங்க."

மாமா கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். பிறகு ஏறினார்.

பட்டறைக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத கிடங்குச் சாலை. நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். மெதுவாகப் பிரேக் போட்டார், ஒன்றும் ஆகவில்லை. அழுத்திப் போட்டார், எஞ்சின் அணைந்தது. நான் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு ஓடினேன். அவரோ இறங்கி பானெட்டைத் திறந்து, குனிந்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கார்புரேட்டரின் மேலெல்லாம் பெட்ரோல் ஈரம். அதற்குள்ளே பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மிதவையை யாரோ உயரமாக வைத்திருக்கிறார்கள், அதன் சின்னத் தொட்டியில் பெட்ரோல் விளிம்புவரை நிற்கிறது என்றார். தளும்பத் தளும்பக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள் சட்டென்று நின்றால் தண்ணீர் சிந்துமே, அதேதான். சிந்திய பெட்ரோலில் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. கார்புரேட்டரைத் திறந்து, மிதவையின் சின்ன நாக்கை ஒரு மயிரிழை வளைத்து மூடினார். அப்புறம் பத்துத் தடவை பிரேக் போட்டும் எஞ்சின் அணையவில்லை.

அதோடு திரும்புவார் என்று பார்த்தால், வண்டி பெரிய சாலைக்குப் போயிற்று. அதே நாற்சந்தி. சிவப்பு விளக்குக்கு வேகத்தைக் குறைத்து, லாரிகளுக்கு நடுவே எஞ்சின் ஓட ஓட நின்றது. எனக்குத்தான் ஸ்கூட்டர் பிரேக்கிலிருந்து கையை எடுக்கத் தோன்றவில்லை.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மாமா இறங்காமலே இருந்தார். கண்ணாடி இறக்கியிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அன்னிக்கு அந்த வண்டி நின்னுடும்னு எனக்குத் தெரியும். வீடு வரைக்கும்தானேன்னு உன்னை ஏத்திட்டேன்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா அழவில்லை.

"தெரியும். அதை ஆஸ்பத்திரியிலயே மன்னிச்சாச்சு. இந்தக் காலோட ஏழு வருஷமா என்னைப் பஸ்ஸுல ஏத்தி இறக்கினீங்களே, அதைத்தான் இன்னும் மன்னிக்கல."

மாமா டீச்சருக்குப் போன் போட்டு, வண்டியைத் தானே ஓட்டிவந்து வீட்டில் விடுவதாகச் சொன்னார். அக்கா முன்சீட்டிலிருந்து இறங்கவில்லை.