கறுப்புத் தூசி

கிளறாவுக்கு இத்தாலிய மொழியில் முதலில் பாடமான சொல் போல்வெரே, அதாவது தூசி. மன்னாரிலிருந்து வந்து பதினாறு வருடமாகப் பலெர்மோவில் வீடு துடைப்பவளுக்கு வேறெந்தச் சொல் முந்திக்கொண்டு வரும்? வீட்டுக்காரச் சின்யோராமார் கதவைத் திறந்ததும் அந்தச் சொல்லைத்தான் கையில் கொடுப்பார்கள்.

லிபெர்த்தா வீதியில் தனியாக வாழும் சின்யோர் விற்றோரியோ மட்டும் தூசியைப் பற்றி வாய் திறந்ததில்லை. எழுபத்தெட்டு வயது, தங்கமான மனிதர். அதனாலேயே கிளறா அந்த வீட்டைப் பார்த்துப் பார்த்துத் துடைப்பாள்.

அவரிடம் அனுமதிப் பத்திரத்தோடு இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. ஒன்று நூற்றுமுப்பது வருடப் பழசு. மற்றது அதே அச்சில் இந்தக் காலத்தில் செய்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நண்பரோடு சுடுதளத்துக்குப் போய் அட்டை இலக்குகளைச் சுட்டுவிட்டு வருவார். அண்மையில் மறதி கூடிவிட்டது. ஆகவே துப்பாக்கிக் கடைக்காரர் பழையதைச் சோதித்துக் கொடுத்தபோது, பிடியில் ஒரு சீட்டைக் கட்டிவிட்டார்: "சோலோ போல்வெரே நேரா."

வெள்ளிக்கிழமை சின்யோர் துப்பாக்கிப் பெட்டியைத் துடைக்கத் திறந்து கொடுத்தார். கிளறா எழுத்துக் கூட்டி வாசித்தாள். கறுப்புத் தூசி மட்டும். துப்பாக்கியிலும் கரி அப்பிக் கிடந்தது. கடைக்காரன்கூட என் வேலைக்குக் குறை எழுதி அனுப்புகிறானே என்று அவளுக்குச் சுருக்கென்றது. மினுங்க மினுங்கத் துடைத்துவிட்டு, அந்த மானக்கேட்டை அவிழ்த்துக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் காலை சின்யோர் பழையதை எடுத்துக்கொண்டு புறப்பட்டுப்போனார். மனம் கேளாமல் கடைக்காரர் வீட்டுப் போனுக்கு அழைத்தார். "சீட்டைப் பார்த்துத்தானே தோட்டா எடுத்தார்?"

"சீட்டை எறிந்துவிட்டேன். இப்போது ஒரு பொட்டுத் தூசி இல்லை" என்றாள் கிளறா, பெருமையாக.

கடைக்காரர் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். போல்வெரே என்றால் வெடிமருந்தும்தான். பழைய இரும்பு கறுப்பு மருந்துத் தோட்டாவை மட்டுமே தாங்கும். அளவு ஒன்றென்பதால் வீரியம் கூடிய புதுத் தோட்டாவும் சுளுவாக உள்ளே போகும். போகிறதே என்று நம்பிச் சுட்டால் தோட்டா வைக்கும் உருளை வெடித்துவிடும். "சுடுதளத்தில் யாரும் போன் எடுக்கவில்லை. நான் போகிறேன், நாற்பது நிமிடம் ஆகும். நீ அவரை அழைத்துக்கொண்டே இரு."

அழைத்தாள். சின்யோரின் போன் குசினியில் கோப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே அடித்தது. அலுமாரியைத் திறந்தாள். கறுப்பு மருந்துத் தோட்டாப் பெட்டி பிரிக்காமல் இருந்தது. புதுத் தோட்டாப் பெட்டியைக் காணவில்லை. கிளறா மொண்டெல்லோவில் சமையலறை வேலையில் நின்ற கணவன் பீலிக்ஸை அழைத்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் ஒராளைச் சாகடிச்சுப்போட்டன் போல கிடக்கு."

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்த இடம் எங்கை இருக்கு?" என்றான்.

"தெரியாது."

"சரி, நான் வாறன்."

"நீங்கள் வந்து என்னப்பா செய்யிறது?"

அவன் போனை வைக்காமல் இருந்தான், அவ்வளவுதான். கிளறா முழந்தாளிட்டாள். "மாதாவே" என்பதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை.

கடைக்காரர் போய்ச் சேர முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கிளறா ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டாள். சின்யோர் அவள் வாயையே பார்த்திருந்துவிட்டு, கேட்கவில்லை என்று தலையசைத்தார். காதைத் தொட்டுக் காட்டினார், வெடிச்சத்தத்தில் அடைத்துப்போயிருந்தது. இடக்கையால் தாளையும் பென்சிலையும் அவள்பக்கம் தள்ளினார்.

காதால் கேட்டே பழகிய மொழி. பதினாறு வருடத்தில் அவள் அதில் ஒரு வரி எழுதியதில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாதே கிளறா, பிழை முழுக்க என்னுடையது" என்றார் அவர், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், வார்டு முழுவதும் கேட்க.