தோற்கும் அணியின் பன்டர்

மகள் தன் காதலைப் பற்றி எங்களிடம் முதன்முதலில் சொன்னது மெல்பேர்னில், ட்ருகனினா என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டின் குசினியில். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கணவர் வேலைக்குப் போக முதல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் என்ன செய்யிறார்?" என்று கேட்டார்.

"பன்டர் ஆகப் போறார், அப்பா."

இந்த நாட்டில் பன்டர் என்றால் குதிரைப் பந்தயத்தில் காசு கட்டுகிறவன். கணவர் கோப்பையை மெதுவாக வைத்தார். "ஆகப் போறாரோ? இன்னும் தொடங்கேல்லையோ?"

மகள் சிரித்து ஓய்ந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அமெரிக்கர்கள் ஆடும் ஃபுட்போலில் பந்தைத் தூரமாக உதைத்து அனுப்புகிறவனுக்கு அந்தப் பெயர். சிறுவயதிலிருந்து ஓடி ஓடிப் பந்தை உதைத்து வளர்ந்த மெல்பேர்ன் பையன்களுக்கு அது இலகுவாக வருமாம். அதற்கென்றே இங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். அவர் அப்போது பகலில் புது வீடுகளுக்குச் சுவர்ப் பலகை அடித்துக்கொண்டு, பின்னேரங்களில் அந்தப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். இங்கத்தைய பெரிய அணிகள் அவரை எடுக்கவில்லை. நெடிய, வெயிலில் சிவந்த வெள்ளைக்காரப் பையன். எங்கள் வீட்டுக்கு முதல் நாள் வந்தபோது சப்பாத்தை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "வணக்கம் மாமி" என்றார். மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இன்றுவரை என்னை மாமி என்றுதான் கூப்பிடுகிறார்.

பிறகு அமெரிக்காவில் பல்கலைக்கழகம், அங்கிருந்து ஒரு தொழில்முறை அணி, இங்கே கலியாணம், மகளும் அங்கே போனது, எல்லாம் நடந்தன. நாங்கள் திங்கட்கிழமை விடியப்புறம் எழும்பி ஆட்டம் பார்க்கப் பழகினோம். எனக்கு அந்த விளையாட்டில் முக்கால்வாசி இன்றும் விளங்காது. ஒன்று மட்டும் நன்றாக விளங்கும். ஒரு அணிக்கு நாலு வாய்ப்புக் கொடுக்கிறார்கள், அதற்குள் பத்து யார்டு முன்னுக்குப் போக வேண்டும். மூன்று வாய்ப்பிலும் முடியவில்லை என்றால், நாலாவதில் பன்டர் வந்து பந்தை எதிரியின் பக்கம் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் உதைத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மற்றவர்கள் தவறிய பிறகுதான் அவர் மைதானத்துக்குள் இறங்குகிறார். அணி நன்றாக ஆடினால் மருமகனைத் திரையில் காணவே கிடைக்காது.

அந்த வருடம் நாங்கள் அவரை நிறையக் கண்டோம்.

பருவத்தின் பாதிக்கு வந்தபோது அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. சொந்த மைதானத்திலேயே சனம் கூவித் திட்டியது. ஒவ்வொரு முறை பந்து கைமாறும்போதும் கமரா தலைமைப் பயிற்சியாளரின் முகத்துக்குப் போகும். வயதான மனிதர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார். "இவர் இந்தக் கிழமை தப்பமாட்டார்" என்று கணவர் சொல்வார். அடுத்த கிழமையும் அதையே சொல்வார்.

மகள் அப்போது எங்களோடு இருந்தாள். முதற்பிள்ளை வயிற்றில். அணி இப்படி ஆடுகிறபோது யார் எங்கே இருப்பார்கள் என்று தெரியாது, பிள்ளைப்பேற்றை அம்மாவிடம் பார்ப்போம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்து அவள் வந்துவிட்டாள். பருவத்தில் அவருக்கு ஒரு கிழமை ஓய்வு வரும், அதில் வந்து பிள்ளையைப் பார்ப்பார் என்பது ஏற்பாடு.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு செய்தி ஒன்றாக வந்தன. காலையில் பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி. மத்தியானம், நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே மகளைப் பரிசோதித்த டொக்டர், இரத்த அழுத்தம் ஏறுகிறது, ஓய்வுக் கிழமை வரைக்கும் காத்திருக்க ஏலாது, இந்த வெள்ளிக்கிழமையே பிள்ளையை எடுப்போம் என்றார். நான் கீழே இரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓடிப் போனேன். மகள் கட்டிலில் இருந்தபடி அவரோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ வராதே" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். "புதுக் கோச். முதல் மட்ச். இப்ப விட்டுட்டு வந்தா உன்ர இடத்துக்கு வேற ஆளைப் போடுவாங்கள். அம்மா இருக்கிறா, எனக்குக் காணும்."

அவர் அதற்குத் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய பயிற்சியாளரைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். அந்த மனிதர் தன் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, உடை மாற்றும் அறையில் ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுத்திருக்கிறார். இவரிடம் வந்ததும், "காற்று அடிக்கும்போது பந்தை உடம்பிலிருந்து தள்ளி விடுகிறாய். கிட்டக் கொண்டு வா" என்றாராம். வேலை போன மனிதர், வாசலால் போகிறபோது, இனித் தனக்கு ஒரு பலனுமில்லாத ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறார்.

"இவர் 'ஓம் ஐயா' எண்டு மட்டும் சொன்னாராம்" என்று மகள் எனக்குச் சொன்னாள். ஃபோனை வைத்த பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் அசைவதைப் பார்த்தபடி நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். வரச் சொல்லு என்று சொல்ல வாய் வந்தது. அது அவர்கள் இரண்டு பேருடைய வாழ்க்கை. சொல்லவில்லை.

தற்காலிகமாகத் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தது யாருக்கென்றால், அதுவரை உதைக்கிறவர்களைப் பழக்கிய பயிற்சியாளருக்கு. மருமகனின் சொந்த வாத்தியார் என்று சொல்லலாம். நாற்பது வயதுக்காரர். வாழ்நாள் முழுக்க இன்னொருவருக்குக் கீழேயே வேலை செய்தவர். மிச்சம் இருந்த ஆட்டங்கள் அவருக்குப் பரீட்சை. நல்லாகச் செய்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் பருவம் முடிய வெளியே.

அவர் புதன்கிழமைப் பயிற்சியில் மருமகனின் உதைகள் குறுகி விழுவதைக் கவனித்திருக்கிறார். பயிற்சி முடிய ஓரமாகக் கூப்பிட்டு, "வீட்டில் என்ன?" என்று கேட்டாராம். இவர் சொல்லியிருக்கிறார்.

"அப்ப ஏன் இன்னும் இங்கே நிற்கிறாய்?"

"இது உங்கட முதல் ஆட்டம்."

"அதைப் பற்றிக் கவலைப்பட நான் இருக்கிறேன். நீ விமானத்தைப் பார்."

இவர் தயங்கியிருக்கிறார். அதற்கு அவர், "உன் இடத்துக்கு இந்தக் கிழமைக்கு ஒருவரைக் கூப்பிடுவேன். திரும்பி வந்ததும் நீதான் உதைப்பாய். நான் இந்தக் கதிரையில் இருக்கிறவரைக்கும் அதற்கு நான் பொறுப்பு. அதற்குப் பிறகு நடப்பதற்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது" என்றிருக்கிறார்.

இதை மருமகன் விமான நிலையத்திலிருந்து ஃபோன் எடுத்துச் சொன்னபோது கணவர் ஃபோனை வாங்கித் திருப்பித் திருப்பிக் கேட்டார். "உண்மையா அப்பிடிச் சொன்னவரோ? தன்ர முதல் மட்சுக்கு?" அவரும் ஒரு பண்டகசாலையில் ஆட்களை மேய்க்கிறவர்தான். ஒரு ஆள் வராவிட்டால் அன்றைய நாள் என்ன பாடுபடும் என்று தெரிந்தவர்.

வெள்ளிக்கிழமை காலை மருமகன் விமான நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். மகளுக்கு அப்போது வலி தொடங்கியிருந்தது. இவரைக் கண்டதும், "வராதே எண்டெல்லோ சொன்னனான்" என்று தமிழில் சொல்லி அழுதாள். அவருக்கு விளங்கியதோ தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னேரம் பெண்பிள்ளை பிறந்தது.

மகளின் அழுத்தம் இறங்காததால் அவர்களை உடனே வீட்டுக்கு விடவில்லை. திங்கட்கிழமை காலை, என் வேலை தொடங்க முதல், இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அறையில் திரைச்சீலை பாதி திறந்திருந்தது. மகள் சாய்ந்து இருந்தாள். மருமகன் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, தண்ணீர்ச் செம்பில் ஃபோனைச் சாய்த்து வைத்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்திருந்தார்.

"உங்கட இடத்தில ஆர்?" என்று கேட்டேன்.

காட்டினார். மெலிந்த ஒரு பையன். இரண்டு வருடமாக ஒரு அணியும் எடுக்கவில்லையாம். தளபாடக் கடையில் வேலை செய்துகொண்டு, விடியப்புறம் பள்ளிக்கூட மைதானத்தில் தனியாக உதைத்துப் பழகிக்கொண்டிருந்தவனாம். அவனுடைய முதல் உதை கோணலாகப் போய் வெளியே விழுந்திருக்கிறது. நான் வந்த பிறகு உதைத்தது உயரமாக எழும்பி, எதிரியின் கோட்டுக்குக் கிட்டப் போய் அப்படியே நின்றது.

"பாருங்கள் மாமி, எவ்வளவு நேரம் காற்றில் நின்றது" என்றார் மருமகன். பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார். "அருமையான உதை."

எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பையன் ஒரு நாலு உதையைப் பிழைவிட்டால் நல்லது என்றுதான் என் மனம் நினைத்தது. மகளைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் நினைத்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்கள் அணி ஒரு புள்ளி பின்னுக்கு நின்றது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் வெற்றி. அதை உதைக்க வேறொருவர் இருக்கிறார். ஆனால் பின்னால் எறியப்படும் பந்தைப் பிடித்து, கண் மூடித் திறப்பதற்குள் தரையில் நிறுத்திக் கொடுப்பது பன்டரின் வேலை. எறிந்தவனின் கை வழுக்கிப் பந்து தரையோடு வந்தது. அந்தப் பையன் முழுதாகக் குனிந்து, பந்தை அள்ளி எடுத்து நிறுத்தினான். உதைத்தவரின் கால் ஒரு கணம் தயங்கிப் பிறகு வீசியது. பந்து நடுவால் போனது.

மருமகன் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிள்ளை எழும்பிவிடும் என்ற பயம். அவர் கண்கள் நிறைந்திருந்தன. திரையில் அந்தப் புதுப் பயிற்சியாளர் யாரையோ தேடி நடந்துகொண்டிருந்தார். எல்லாரும் உதைத்தவரைத் தூக்க ஓட, அவர் மட்டும் இன்னும் முழங்காலில் இருந்த அந்தப் பையனிடம் போய் அவன் தலையைப் பிடித்து ஏதோ சொன்னார்.

"இனி உனக்கு அங்க வேலை இருக்குமோ?" என்று மகள் கேட்டாள்.

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்றார். "அந்தப் பந்தை நான் பிடித்திருப்பேனா என்று எனக்கே தெரியாது." பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, இரண்டு பெருவிரலாலும் அந்தப் பையனுக்குச் செய்தி எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. நிறைய நேரம் எழுதினார்.

கணவர் வீட்டிலிருந்து ஃபோன் எடுத்து, "கண்டனீங்களோ?" என்றார்.

மருமகன் அந்தக் கிழமையே திரும்பிப் போனார். பயிற்சியாளர் சொன்னபடி அடுத்த ஆட்டத்தில் அவர்தான் உதைத்தார். பத்திரிகைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், வென்று கொடுத்தவனை ஏன் வெளியே வைத்தீர்கள் என்று. "நான் ஒருவருக்குச் சொன்ன சொல் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாராம். அந்தப் பையனையும் விட்டுவிடவில்லை. ஆட்டத்தில் இறங்காமல் அணியோடு சேர்ந்து பழகும் ஆட்களுக்குள் ஒரு இடம் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பந்து பிடித்துக் கொடுத்துப் பழகினார்கள்.

ஒரு நாள் வீடியோவில் கதைக்கும்போது மருமகன் அந்தப் பயிற்சியாளரிடம் ஃபோனைக் கொடுத்தார். நான் நன்றி சொல்ல ஆங்கிலத்தில் நாலு வசனம் யோசித்து வைத்திருந்தேன். முதலாவதைச் சொல்லி முடிக்க முதல் அவர், பிள்ளை பாரம் போட்டிருக்கிறாளா, மகளுக்கு இப்போது அழுத்தம் எப்படி என்று கேட்டார். பின்னால் பெரிய மனிதர்கள் கோப்புகளோடு அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை.

அணி சில ஆட்டங்களை வென்றது, கூடுதலாகத் தோற்றது. பருவம் முடிய உரிமையாளர்கள் பெயர் பெற்ற வேறொருவரைத் தலைமைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். தற்காலிகமாக இருந்தவரை அனுப்பினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சொந்தத்தில் ஒருவருக்கு நடந்தது போல இருந்தது. வேலையில் ஒரே இரத்த மாதிரியை மறந்துபோய் இரண்டு முறை பரிசோதித்தேன். சில மாதத்தில் மருமகனையும் விட்டுவிட்டார்கள். அவருடைய இடத்தைத் தளபாடக் கடைப் பையனுக்குக் கொடுத்தார்கள். அவன் அழுதுகொண்டு ஃபோன் எடுத்துக் கதைத்தான். மருமகன்தான் அவனைத் தேற்றினார்.

மகள், மருமகன், பிள்ளை மூன்று பேரும் எங்கள் வீட்டில் வந்து இருந்தார்கள். மருமகன் மறுபடி சுவர்ப் பலகை அடிக்கப் போனார். பின்னேரம் எங்கள் ரோட்டு முடிவில் இருக்கும் மைதானத்தில் உதைத்துப் பழகினார். கணவர் வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமலே, தூரத்தில் விழும் பந்துகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பார். ஒரு நாளும் மருமகன் முகத்தைச் சுளித்து நாங்கள் காணவில்லை. ஒரு முறை கேட்டேன், கோபம் வரவில்லையா என்று.

"வருகிறது மாமி. ஆனால் அந்தக் கோச் அன்றைக்கு என்னை அனுப்பியிருக்காவிட்டால் இவள் பிறந்ததைப் பார்த்திருக்கமாட்டேன். அதை யாரும் என்னிடமிருந்து எடுக்கமாட்டார்கள்."

அடுத்த பருவத்தின் நடுவில் வேறொரு அணியின் பன்டருக்குக் காலில் காயம். கூப்பிட்டார்கள், போனார். இப்போதும் அங்கேதான். அன்றைக்கு அவரை எங்களிடம் அனுப்பிய பயிற்சியாளர் சின்ன ஒரு கல்லூரியில் பிள்ளைகளைப் பழக்குகிறாராம்.

நேற்றுக் காலை மகள் ஃபோன் எடுத்தாள். இந்த அணியும் தோற்றுக்கொண்டே வருகிறது. இங்கேயும் கோச்சை மாற்றப் போகிறார்கள் என்று கதை அடிபடுகிறதாம்.

"அப்ப என்ன செய்யப் போறியள்?" என்றேன்.

"வீட்டை மாசத்துக்கு மாசம்தான் எடுத்திருக்கிறம், அம்மா. பெட்டி ரெண்டு கட்டினபடியே கிடக்கு." அவள் குரலில் கவலை பெரிதாக இல்லை. "சரி, வைக்கிறன். இவளுக்குச் சோறு தீத்த வேணும்."